நுவரெலியா குளிர் பழகுனவங்களுக்கு வடதுருவக் குளிர் தாங்குமா?

கேள்வி: அக்கா, என் மகள் கல்யாணம் கட்டி நோர்வேயில ட்ரொம்சோங்கிற ஊர்ல இருக்கா. ஜனவரி நடுவுல தலைப்பிரசவம், நான் போய் ரெண்டு மாசம் கூட இருக்கணும். வயசு 57, முப்பது வருசம் கொழுந்து எடுத்தவ, குளிர் பழக்கந்தான். ஆனா அங்க சூரியனே வராது, ஐஸ்ல விழுந்தா எலும்பு முறிஞ்சிரும்னு லயத்துல எல்லாரும் பயங்காட்டுறாங்க. போகலாமா?
- தலவாக்கலை வாசகி

பதில்: போங்கம்மா, கட்டாயம் போங்க. தலைப்பிரசவத்துக்கு அம்மா பக்கத்துல இருக்கிறத விட பெருசு என்ன இருக்கு.

ஆனா குளிர் பழக்கந்தான்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுல பாதி சரி, பாதி ஆபத்து. நம்ம குளிர் ஈரக்குளிர், வீட்டுக்குள்ளயும் அதே குளிர்தான், அதனால காலையில போட்ட ஜேர்சிய ராத்திரி வரைக்கும் கழட்ட மாட்டோம். அங்க வீட்டுக்குள்ள 20 டிகிரிக்கு மேல வெதுவெதுன்னு இருக்கும், கதவத் திறந்தா மைனஸ். நான் தங்கச்சி வீட்டுக்கு அதே ஊருக்கு ஒரு டிசம்பர்ல போனப்ப முதல் நாளே உள்ள ரெண்டு பருத்தி டீசேர்ட், மேல தடிச்ச ஜேர்சி, அதுக்கு மேல கோட்டுன்னு போட்டுக்கிட்டு மேட்டுல ஏறுனேன், நல்லா வேர்த்துருச்சு, அப்புறம் பஸ்ஸுக்குன்னு கால்மணி நேரம் நின்னதுதான், அந்த வேர்வை அப்படியே ஐஸ் தண்ணியா மாறி பல்லு கிடுகிடுன்னு ஆடி தங்கச்சி பயந்து போய் பக்கத்துக் கடைக்குள்ள இழுத்துட்டுப் போனா. பருத்தி ஈரத்தப் பிடிச்சு வச்சிக்கும், அதான் காரணம்.

அதனால தோலை ஒட்டி மெல்லிசு கம்பளி பனியன், மேல ஜேர்சி, வெளியில காத்தும் ஈரமும் புகாத ஜாக்கெட். மலையில இடுப்புல கட்டுற படங்கு என்ன செய்யுதோ அதத்தான் அந்த ஜாக்கெட் செய்யும், சூடு தர்றது உள்ள இருக்கிற கம்பளிதான். வேர்க்கப் போகுதுன்னு தெரிஞ்சதும் ஒன்னக் கழட்டிருங்க. சப்பாத்து ஒரு சைஸ் பெருசா இருக்கட்டும், ரெண்டு மேஸ் போட்டு இறுக்கிக் கட்டுனா ரத்த ஓட்டம் குறைஞ்சு கால் இன்னும் விறைக்கும். இதெல்லாம் மகள் அங்கயே வாங்கி வைக்கட்டும், நீங்க ஒரு ஜாக்கெட், தொப்பி, மூடுன சப்பாத்து மட்டும் கைப்பையில வச்சுக்குங்க, பெட்டி வரப் பிந்துனாலும் தவிக்க வேணாம்.

உண்மையில உங்க வயசுக்கு நான் கவலைப்படுறது வழுக்கலுக்குத்தான். ட்ரொம்சோ 69 டிகிரி வடக்குல இருந்தாலும் அட்லாண்டிக்ல இருந்து வர்ற சூடான நீரோட்டத்தால ஜனவரி சராசரி மைனஸ் 3, 4 தான், அதனால ஸ்னோ கொஞ்சம் உருகும், மழை பெய்யும், திரும்ப உறையும், ரோடு கண்ணாடி மாதிரி ஆயிரும். சப்பாத்துக்கு அடியில மாட்டுற முள்ளு விக்கிறாங்க, 'பிரொடர்'னு கேட்டா தெரியும், அது இல்லாம வாசல் தாண்டாதீங்க. நடக்கிறது மழை நாள்ல கூடையோட செம்மண் சரிவுல இறங்குற மாதிரிதான், குட்டி அடி, முழுப்பாதம், கைய சட்டைப்பைக்குள்ள விடக்கூடாது. இத உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்ல.

இருட்டுக்குப் பயப்படாதீங்க. நவம்பர் 27 வாக்குல இருந்து ஜனவரி 15 வரைக்கும் சூரியன் எழும்பாது, ஆனா மத்தியானத்துல சில மணி நேரம் நீல வெளிச்சம் இருக்கும், அவ்வளவு அழகு. சுத்தி மலை மறைக்கிறதால சூரியன் ஊருக்குள்ள கண்ணுல பட இன்னும் சில நாள் ஆகும், அதான் ஜனவரி 21ஆம் தேதிய சூரியன் திரும்புற நாளா பன் சாப்பிட்டுக் கொண்டாடுவாங்க. நீங்க போற நேரம் இருட்டு முடியிற நேரம், மார்ச் நடுவுல திரும்பும்போது பகலும் ராத்திரியும் கிட்டத்தட்ட சமமாயிரும்.

விசா சங்கதி: நோர்வேயும் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுல 180 நாளைக்குள்ள 90 நாள் இருக்கலாம், ஆறு மாசத்துக்கு முன்னுக்கே போடலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்ஸ் வேணும். கடைசி நேரத்துக்கு விடாதீங்க, பிள்ளை உங்களுக்காகக் காத்திருக்காது. பத்தியத்துக்குன்னு நெய், பால்மா, இறைச்சி எதுவும் கட்டாதீங்க, நம்ம நாட்டுல இருந்து கொண்டு போக விடமாட்டாங்க. இன்னொன்னு, அங்க கைக்குழந்தைய நல்லா சுத்தி தள்ளுவண்டியில வச்சு குளிர்ல வெளியில தூங்க வைப்பாங்க, அது அவங்க வழக்கம். பார்த்துட்டு மகளோட சண்டைக்குப் போயிராதீங்கம்மா.

கேள்வி: ஒஸ்லோவுல படிக்கிறேன் அக்கா. பெப்ரவரியில ரெண்டு ராத்திரி லீவு, ரயில் ஏறி ட்ரொம்சோ போய் வடக்கு ஒளி பார்த்துட்டு வந்துரலாமா?
- பண்டாரவளை வாசகர்

பதில்: ட்ரொம்சோவுக்கு ரயிலே இல்ல தம்பி. வடக்கு லைன் பூடோவுல முடிஞ்சிரும், நார்விக்குக்கு சுவீடன் வழியாத்தான் ரயில், அங்க இருந்து பஸ். ரெண்டு ராத்திரி போதாது, நாலு ராத்திரியாவது வைங்க. சூரியன்ல இருந்து வர்ற துகள் 100 கிலோமீட்டருக்கு மேல காத்துல மோதித்தான் அந்தப் பச்சை வெளிச்சம் வருது, கீழ மேகம் மூடிருச்சுன்னா ஒன்னும் தெரியாது, கடலோரத்துல மேகம் ஜாஸ்தி. அதான் டூர்காரங்க ஸ்கிபோத்ன், பின்லாந்து எல்லைன்னு உள்நாட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போறாங்க. ஆனா உள்ள போகப் போக குளிர் வேற மாதிரி, காரஸ்யொக்ங்கிற உள்நாட்டு ஊர்ல 1886ல மைனஸ் 51.4 பதிவாகியிருக்கு. போன் பேட்டரி சட்டுனு செத்துரும், உடம்போட ஒட்டி உள்பையில வச்சுக்குங்க. விரல் வெள்ளையா மரத்துப் போச்சுன்னா தேய்க்காதீங்க, நெருப்புல காட்டாதீங்க, உள்ள போய் 37, 39 டிகிரி வெதுவெது தண்ணியில வைங்க, உணர்வு திரும்பலன்னா அங்கத்த ஆம்புலன்ஸ் நம்பர் 113க்கு அடிங்க.

கேள்வி: அவ்வளவு வடக்குல தமிழாளுங்க இருக்காங்களா?
- ஹட்டன் வாசகி

பதில்: இருக்காங்க. ட்ரொம்சோவுக்கும் வடக்க பின்மார்க் கடற்கரைக் கிராமங்கள்ல மீன் பெக்டரி வேலைக்குன்னு 1980கள்ல இருந்தே நம்ம நாட்டு ஆளுங்க போனாங்க, பெரும்பாலும் யாழ்ப்பாணப் பக்கத்து ஆளுங்க, சண்டைக்குத் தப்பிப் போனவங்க. வெயில்ல வளர்ந்தவங்க அந்த இருட்டுல மீன் வெட்டி பிள்ளைகளப் படிக்க வச்சாங்க. பிறகு நிறையப் பேர் ஒஸ்லோவுக்கு இறங்கிட்டாங்க. தலவாக்கலை அம்மா, மகள்கிட்ட சொல்லி பக்கத்துல அப்படி ஒரு வீடு இருக்கான்னு விசாரிங்க, எந்தக் கடையில சப்பாத்து முள்ளு நல்லதுன்னு அவங்கதான் சரியாச் சொல்லுவாங்க.