ஒகேனக்கல் வெள்ளமும் முத்துப்பேட்டைச் சேறும்: வாசகர் கேள்வி–பதில்

கோடியக்கரை, முத்துப்பேட்டை உவர்ச் சதுப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். கடல் ஏறி இறங்கும் அந்தச் சேற்று நிலம் கரிமத்தை (கார்பனை) மண்ணில் புதைத்து வைக்கிறது, அது உயிரோடிருக்க ஆற்று நீர் வேண்டும் என்பது கட்டுரையின் சாரம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஒகேனக்கல்லில் வெள்ளம் வந்தாலே, இத்தனை டி.எம்.சி. வீணாகக் கடலில் கலக்கிறது என்கிறார்கள். அது வீணில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
— விவசாயி, பென்னாகரம்

உப்பையும் வண்டலையும் வைத்துத்தான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கோடையில் சதுப்பின் பள்ளங்களில் நிற்கும் நீர் ஆவியாக ஆவியாக, சேற்றின் உப்பு அதையும் தாண்டிவிடும். உமரி போன்ற உவர்ச்செடிகள் வளர்ந்த பிறகு இதைத் தாங்கும். ஆனால் விதை முளைக்க உப்பு இறங்கியாக வேண்டும். வடகிழக்குப் பருவமழையும், கோரையாறு, பாமணியாறு போன்ற காவிரிக் கடைமடை ஆறுகளின் நீரும் சேர்ந்துதான் முத்துப்பேட்டையில் அந்த வேலையைச் செய்கின்றன.

வண்டலின் கதை இன்னும் கடினமானது. டெல்டா மண் தன் எடையாலேயே மெல்ல அமுங்கும், கடல்மட்டமும் உயர்கிறது. மேலே புதிய வண்டல் படிந்தால்தான் சதுப்பு தன் உயரத்தைக் காத்துக்கொள்ளும். 1934-இல் மேட்டூர் அணை கட்டப்பட்ட பிறகு ஒகேனக்கல்லைத் தாண்டும் வண்டலில் பெரும்பகுதி அணையிலேயே படிந்துவிடுகிறது. நம் டெல்டாக் கரையில் ஓதம் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் எங்கே அலையாத்தி மரம் (மாங்குரோவ்) வளரும், எங்கே உமரி வளரும், எங்கே வெறும் உப்புத்தரை கிடக்கும் என்பதைச் சில சென்டிமீட்டர் மேடுபள்ளமே முடிவு செய்கிறது. பாசனத்துக்குத் தண்ணீர் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கடைமடைக்கு அப்பாலும் ஒரு பங்கு போக வேண்டும் என்கிறோம்.

சேறு உயர்கிறதா தாழ்கிறதா என்பதை மில்லிமீட்டர் கணக்கில் எப்படி அளக்கிறார்கள்?
— பள்ளி ஆசிரியர், ஊத்தங்கரை

துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்து, இனி இறங்காது என்னும் ஆழம்வரை அடிக்கிறார்கள். அதுதான் நிலைக்குறி. அதன் தலையில் ஒரு கிடைக்கரத்தைப் பொருத்தி மட்டம் பார்க்கிறார்கள். கரத்திலிருந்து 9 ஊசிகள் சேற்றைத் தொடும்வரை இறக்கப்படும். கரத்தை நான்கு திசைகளில் திருப்பினால் 36 அளவுகள் கிடைக்கும். சில மாதங்கள் கழித்து அதே திசைகளில் அதே ஊசிகளை இறக்கினால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பக்கத்திலேயே அரை மீட்டர்ச் சதுரத்தில் ஃபெல்ஸ்பார் என்ற வெள்ளைக் கனிமத் தூளைப் பரப்புகிறார்கள். பிறகு ஒரு துண்டு மண்ணை வெட்டிப் பார்த்தால், வெள்ளைக் கோட்டுக்கு மேல் இருப்பதெல்லாம் புதிய படிவு. படிவு 5 மில்லிமீட்டர், ஊசி காட்டும் உயர்வு 2 மில்லிமீட்டர் என்றால், மீதி 3 மில்லிமீட்டர் அடியில் அமுங்கிப்போயிருக்கிறது. நண்டு வளை அதிகமுள்ள இடத்தில் வெள்ளைக் கோடு கலைந்துவிடும். ஆளின் கால் ஒருமுறை பதிந்தாலே ஊசி அளவு கெடும் என்பதால், பலகை போட்டு அதன்மேல் நின்றுதான் அளக்க வேண்டும்.

சேற்றில் உள்ள கரிமத்தைக் கணக்கிடும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? புராஜெக்டுக்கு எங்கள் ஊர் ஏரியில் செய்து பார்க்க விருப்பம்.
— முதுகலைத் தாவரவியல் மாணவி, தர்மபுரி

தாராளமாகச் செய்யலாம், முறை ஒன்றுதான். 5 செ.மீ. உள்விட்டமுள்ள, முனை சீவிய குழாயை 1 மீட்டர் ஆழத்துக்கு இறக்குங்கள். வெளியே எடுக்கும் முன்பே குழாய்க்குள் மண் எங்கே நிற்கிறது, வெளியே தரை எங்கே இருக்கிறது என்று இரண்டையும் அளந்து எழுதுங்கள். பலர் தவறவிடும் படி இது. அடித்து இறக்கும்போது மண் அமுங்கும், எடுத்துக்காட்டாக, 100 செ.மீ. இறக்கிய குழாயில் 90 செ.மீ. மண்தான் இருக்கலாம்.

பிறகு 5 செ.மீ. வில்லைகளாக அறுங்கள். ஒரு வில்லையின் கன அளவு சுமார் 98 கன செ.மீ. எடை மாறாமல் நிற்கும்வரை 60 டிகிரியில் உலர்த்துங்கள். இரண்டு மூன்று நாள் ஆகும். உலர் எடை 78.4 கிராம் என்றால் பருமன் அடர்த்தி (ஒரு கன செ.மீ. மண்ணின் உலர் எடை) 0.8 கிராம். கரிமம் 2.5 சதவீதம் இருந்தால் ஒரு கன செ.மீ.யில் 0.02 கிராம். அதை அப்படியே 100 செ.மீ. ஆழத்துக்குப் பெருக்கினால் ஹெக்டேருக்கு 200 டன் வரும். அது தவறு. அமுக்கத்துக்காக 0.9-ஆல் பெருக்க வேண்டும். சரியான விடை 180 டன். ஒரு வரி குறிப்பு எழுதாததால் 20 டன் கூடிவிடுகிறது.

கரிமச் சதவீதத்துக்கு, பொடித்த மண்ணை மஃபிள் உலையில் (ஆய்வக மின்உலை) 450 டிகிரியில் 4 மணி நேரம் வைத்து எடையிழப்பைப் பாருங்கள். சூட்டை அதற்கு மேல் ஏற்றினால் களிமண்ணின் உள்நீரும் வெளியேறி, கரிமம் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். எடையிழப்பு முழுவதும் கரிமம் அல்ல, கரிமப்பொருள். தோராயமாக அதில் பாதிதான் கரிமம். சில மாதிரிகளையாவது கரிமப் பகுப்பாய்வுக் கருவியில் கொடுத்து உங்கள் மண்ணுக்கான விகிதத்தைக் கண்டுபிடியுங்கள். கருவிக்குக் கொடுக்கும் முன் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சிப்பியோ சுண்ணாம்போ இருக்கிறது. அதை அமிலத்தால் நீக்கியாக வேண்டும். கடற்கரை மாதிரியில் உப்பும் எடை கூட்டும்: ஒரு வில்லையில் 59 மி.லி. கடல்நீர் இருந்தால் உலர்ந்தபின் 2 கிராம் உப்பு மிஞ்சும்.

ஏரிக்கும் உவர்ச் சதுப்புக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கடல்நீரில் சல்பேட் இருப்பதால், அதைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்கள், புவியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களை முந்திக்கொள்கின்றன. நன்னீர் ஏரிச் சேற்றில் அந்தத் தடை இல்லை. ஆகவே கரிமம் சமமாக இருந்தாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

எங்கள் கம்பெனி சார்பில் கடற்கரைக்குப் போய் ஆயிரம் அலையாத்திக் கன்று நடலாமா?
— தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

உமரி படர்ந்த வெளியில் நடாதீர்கள். அது தரிசு அல்ல. அதுவே ஒரு சூழல். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அழிந்த காட்டை மீட்டவர்கள் முதலில் கன்றைத் தொடவில்லை. மொத்தமாக மரம் வெட்டிய இடங்களில் வெயில் பட்டுத் தரை தாழ்ந்து, ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி உப்பு ஏறியதுதான் நோய். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, நீர் வந்துபோக வழி செய்தன. கன்று நட்டது அதன் பிறகுதான்.

நத்தைகள் சதுப்பையே அழிக்கும் என்பது உண்மையா?
— கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி

அமெரிக்கத் தென்கிழக்குக் கரையில் சூழலியலாளர்கள் பிரையன் சில்லிமன், மார்க் பெர்ட்னஸ் இருவரும் கூண்டு வைத்துச் சோதித்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. நத்தை மிகுதியான கூண்டுகளில் 8 மாதத்துக்குள் புல்வெளி வெறும் சேறானது. நத்தைகளைத் தின்னும் நீல நண்டு குறைந்தால் புல்லுக்கு ஆபத்து என்பது இதன் பொருள். கூண்டுச் சோதனையில் கவனிக்க ஒன்று: கூண்டின் நிழலே செடியை மாற்றலாம். அதனால் பக்கம் திறந்த கூண்டையும் ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். அங்கே கண்டதை ஆராயாமல் நம் கரைக்குப் பொருத்தக் கூடாது.

போர் தண்ணீர் பாய்ச்சும் தக்காளி வயலில் வெள்ளையாகப் பூக்கிறது. உமரியை நட்டு உப்பை இழுக்கலாமா?
— விவசாயி, பாலக்கோடு

வேண்டாம், கணக்கு உதவாது. தண்ணீரின் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸ் என்றால் லிட்டருக்குச் சுமார் 1.28 கிராம் உப்பு. ஒரு ஹெக்டேரில் 5 செ.மீ. உயரம் பாய்ச்சினால் 500 கன மீட்டர். ஒரே பாசனத்தில் 640 கிலோ உப்பு உள்ளே வருகிறது. உமரியை அறுத்து அகற்றினாலும் அடுத்தடுத்த சில பாசனங்களில் அத்தனை உப்பும் திரும்ப வந்துவிடும்.

மண், தண்ணீர் இரண்டையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். நிறைநிலைச் சாற்றில் (நீர் ஊறிய மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நீரில்) ஈ.சி. 4-க்கு மேல், பி.எச். 8.5-க்குக் கீழ் என்றால் உவர்மண். நல்ல தண்ணீர் நிறுத்தி, வடிகால் வழியே கழுவ வேண்டும், ஜிப்சம் பெரிதாக உதவாது. பி.எச். 8.5-க்கு மேல் போய், சோடியம் மிகுந்து, மண் இறுகிக் கிடந்தால் களர். அதற்குத்தான் ஜிப்சம், அதுவும் ஆய்வகம் சொல்லும் அளவில். தக்காளிக்கு மண்ணின் ஈ.சி. 2.5-ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 10 சதவீதம் போகும். சொட்டுநீரில் வெள்ளைப் பூப்பு ஈர வட்டத்தின் விளிம்பில்தான் சேரும். கோடை மழையின் முதல் தூறல் அதை வேருக்குத் தள்ளும்; அந்த நேரத்தில் சொட்டுநீரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள்.