பலம் கூடியிருக்கிறது, கை பெருக்கவில்லையே டாக்டர்?

கேள்வி: எனக்கு 47 வயது, எடை 70 கிலோ. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 என்று வந்ததால், உடற்பயிற்சி செய்தே ஆகவேண்டும் என்று எங்கள் டாக்டர் சொல்லிவிட்டார். ஏழு வாரமாக வாரத்துக்கு மூன்று நாள் ஜிம்முக்குப் போகிறேன். 5 கிலோ டம்பெல்லில் ஆரம்பித்தவன் இப்போது 10 கிலோ தூக்குகிறேன். ஆனால் டேப் வைத்து அளந்தால் கை அதே பன்னிரண்டு அங்குலம்தான். கால் பயிற்சி செய்த இரண்டாம் நாள் படி இறங்க உயிர் போகிறது. லாக்டிக் ஆசிட் சேர்ந்துவிட்டது என்கிறார் டிரெய்னர். போன வாரம் கம்பெனியில் மாஸ்டர் செக்கப் எடுத்தார்கள். அதற்கு முந்தைய நாள் மாலைதான் கால் பயிற்சி செய்திருந்தேன். எஸ்ஜிஓடி 92, எஸ்ஜிபிடி 64 என்று வந்திருக்கிறது. இரண்டு வாரமாகக் குடிக்கிற புரோட்டீன் பவுடர்தான் லிவரைக் கெடுத்துவிட்டது, ஜிம்மை நிறுத்துங்கள் என்கிறார் மனைவி. நிறுத்தினால் தசையெல்லாம் கொழுப்பாக மாறிவிடும் என்று பயமுறுத்துகிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் லிவர். ‘செக்கப்புக்கு முந்தைய நாள் கால் பயிற்சி’ என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டையும் நாம் லிவர் டெஸ்ட் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இந்த நொதிகள் தசையிலும் இருக்கின்றன, எஸ்ஜிஓடி நிறையவே இருக்கிறது. பழக்கமில்லாத எடையைத் தூக்கும்போது தசை நார்களின் சவ்வு ஆங்காங்கே கிழிந்து, உள்ளே இருப்பது ரத்தத்தில் கசியும். சுவீடனில் எடைப் பயிற்சி பழக்கமில்லாத, ஆரோக்கியமான 15 ஆண்களை ஒரு மணி நேரம் எடை தூக்க வைத்துப் பார்த்தார்கள். இந்த இரண்டு அளவுகளும் ஏழு நாளுக்குப் பிறகும் இறங்கியபாடில்லை. 2008இல் வெளியான ஆய்வு அது. லிவருக்காகப் பார்க்கும் மற்ற டெஸ்டுகளான ஜிஜிடி, பிலிரூபின் இரண்டும் மட்டும் நார்மலாகவே இருந்தன.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். குறைந்தது பத்து நாள் எடை தூக்குவதை நிறுத்திவையுங்கள். நடக்கலாம். அப்புறம் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியோடு ஜிஜிடி, சிபிகே இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சிபிகே என்ற நொதி பெரும்பாலும் தசையின் சமாசாரம், ஜிஜிடியோ தசையிலிருந்து வருவதில்லை. எல்லாம் இறங்கியிருந்தால் விஷயம் முடிந்தது. எஸ்ஜிபிடி இறங்காமல் நின்றாலோ, ஜிஜிடி கூடியிருந்தாலோ வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். சுகர் எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்குக் கொழுப்பு ஈரல் இருப்பது சகஜம். அப்படியே இருந்தாலும், அதற்கும் முக்கியமான சிகிச்சை உடற்பயிற்சிதான் என்பதை வீட்டில் சொல்லிவையுங்கள். இன்னொன்று, மது அருந்துபவர்களுக்கும் எஸ்ஜிபிடியைவிட எஸ்ஜிஓடி இப்படி உயர்ந்து நிற்கும். நீங்கள் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சரி, கைக்கு வருவோம். எடை இரட்டிப்பாகியும் சுற்றளவு கூடவில்லை என்பதில் குறை எதுவுமில்லை. ஆரம்ப வாரங்களில் அப்படித்தான் நடக்கும், ஏனென்றால் முதலில் மாறுவது நரம்புதான்.

தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஒரு நரம்பு செல், கிளை கிளையாகப் பிரிந்து பல தசை நார்களைத் தன் பிடியில் வைத்திருக்கிறது. கண்ணை அசைக்கும் தசையில் ஒரு நரம்புக்குப் பத்துப் பதினைந்து நார்கள் இருக்கும். கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். நரம்பு சொன்னால் அதன் கீழுள்ள அத்தனை நார்களும் ஒன்றாகச் சுருங்கும், இல்லையென்றால் எதுவுமே சுருங்காது. இப்படி ஒரு நரம்பும் அதன் நார்களும் சேர்ந்தது ஒரு அணி. இலேசான வேலைக்குச் சின்ன அணிகள் மட்டும் வரும். எடை கூடக்கூடத்தான் பெரிய அணிகள் எழுந்து வரும். பழக்கமில்லாதவருக்கு இந்தப் பெரிய அணிகள் முழுசாக வருவதில்லை, வந்தாலும் போதுமான வேகத்தில் கட்டளை போவதில்லை. இது போதாதென்று, முன்கையை மடக்கும்போது புஜத்தின் பின்பக்கத் தசையும் வீணாக இறுகி எதிர்த்திசையில் இழுக்கும். முதல் வாரம் 5 கிலோ டம்பெல் உங்கள் கையில் எப்படி நடுங்கியது, தோள் எப்படிக் காதை நோக்கி ஏறியது என்று நினைத்துப் பாருங்கள். இப்போது 10 கிலோ நேர்கோட்டில் ஏறி இறங்குகிறது. அந்த நடுக்கம் போனதுதான் உங்கள் முதல் லாபம். பலம் கூடுவதில் நரம்பின் பங்கு எவ்வளவு, தசை பருப்பதன் பங்கு எவ்வளவு என்று மோரிடானி, டிவ்ரீஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1979லேயே பிரித்துக் காட்டினார்கள். முதல் சில வாரங்களில் நரம்பு முந்துகிறது, அதன் பிறகு தசை பிடித்துக்கொள்கிறது.

நம்பிக்கை வரவில்லையா? வலது கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் சும்மா இருந்த இடது கைக்கும் ஓரளவு பலம் கூடுகிறது. இடது கையில் தசை எதுவும் வளர்ந்திருக்காது, கற்றுக்கொண்டது நரம்பு மண்டலம்தான். ஒரு கையில் மாவுக்கட்டுப் போட்டிருப்பவர்களுக்கு மறுகைப் பயிற்சி கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தசை பருப்பது இதைவிட நிதானமான வேலை. நார்களின் எண்ணிக்கை அநேகமாகக் கூடுவதில்லை, இருக்கிற நார் ஒவ்வொன்றும் தடிக்கிறது. எடையின் இழுவிசையை நார் உணர்ந்ததும் புரதம் கட்டும் வேலை முடுக்கிவிடப்படுகிறது. ஒரு பயிற்சிக்குப் பிறகு இது ஒன்று, ஒன்றரை நாள் வரை நீடிக்கும். ஆனால் ஆரம்ப வாரங்களில் கட்டுவதில் பெரும்பங்கு ரிப்பேருக்கே போய்விடுகிறது. நாரின் மேல் ஒட்டிக்கொண்டு தூங்கும் துணை செல்களும் விழித்து, பெருகி, நாரோடு இணைகின்றன. 1961இல் அலெக்சாண்டர் மவ்ரோ என்ற விஞ்ஞானி தவளையின் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்டுபிடித்தவை இவை. கண்ணுக்குத் தெரியும்படி மாற்றம் வர பொதுவாக இரண்டு, மூன்று மாதம் ஆகும். தவிர, டேப்புக்குத் தசை எது, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு எது என்று தெரியாது. கொழுப்பு கொஞ்சம் கரைந்து தசை கொஞ்சம் கூடியிருந்தாலும் அது அதே பன்னிரண்டு அங்குலத்தைத்தான் காட்டும். டேப்பைக் கொஞ்ச நாள் பீரோவில் வையுங்கள். தூக்கிய எடையை நோட்டில் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

வயதை நினைத்துத் தயங்க வேண்டாம். பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். 1990இல் வந்த முடிவு: கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, தொடைத் தசையின் பரப்பு சுமார் 9 சதவீதம்தான். பலத்துக்கும் பருமனுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்! நீங்கள் அவர்களில் பாதி வயதுக்காரர்.

ஒரே நிபந்தனை, எடை மெதுவாக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களின் கால்களைத் தேற்ற, அமெரிக்க ராணுவ டாக்டர் தாமஸ் டிலார்ம் வகுத்த முறை இது. 1945இல் எழுதினார். இன்றும் எல்லா ஜிம்மிலும் ஓடிக்கொண்டிருப்பது அதன் பேரப்பிள்ளைகள்தான். பன்னிரண்டு தடவை சிரமமில்லாமல் தூக்க முடிகிறதா, அடுத்த எடைக்குப் போங்கள். ஒரு வருடமாக அதே 10 கிலோவையே ஆட்டிக்கொண்டிருப்பவர்கள் ஜிம்முக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் தசைக்கு மாறவேண்டிய அவசியமே வரவில்லை.

கால் வலி விஷயத்தில் டிரெய்னர் சொல்வது பழைய கதை. பயிற்சியில் ஏறும் லாக்டேட், ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும். இரண்டாம் நாள் வலிக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த வலி நாரில் ஏற்படும் நுண்ணிய கிழிசலோடு சேர்ந்தது என்று தியோடர் ஹஃப் என்ற ஆராய்ச்சியாளர் 1902லேயே எழுதிவிட்டார். நூறு வருடமாகியும் ஜிம் வரை செய்தி வந்து சேரவில்லை. தசை சுருங்க முயலும்போதே நீளும்படி ஆகும் அசைவுகள்தான் இந்த வலியை அதிகம் உண்டாக்கும். ஸ்குவாட்டில் உட்காரப் போகும்போது தொடைக்கு அதுதான் நடக்கிறது. வெள்ளியங்கிரி போனவர்களைக் கேளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். தொடையை இரண்டு நாளைக்குப் பழிவாங்குவது இறக்கம். நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை இப்படி அடிபட்ட தசை அடுத்தமுறை அதே வேலைக்கு அவ்வளவாக நோகாது. வலித்தால்தான் வளரும் என்றும் இல்லை.

பவுடர் பற்றி: நல்ல வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து பிரித்த புரதம், சாப்பாடுதான். ஆரோக்கியமானவரின் லிவரை அது கெடுக்காது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் கேட்காமல் தொடக்கூடாது. நான் பயப்படுவது லேபிள் இல்லாமல், ‘சீக்கிரம் பாடி ஏறும்’ என்று கையில் திணிக்கப்படும் மாத்திரை, பொட்டலங்களைக் கண்டுதான். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், அது லிவரை உண்மையிலேயே கெடுக்கும். டப்பாவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். உங்கள் எடைக்கு, பயிற்சியும் செய்வதால், நாளுக்கு 85 முதல் 110 கிராம் புரதம் வரை சரி. நாலு இட்லி, சட்னியில் அது வராது. மூன்று முட்டையில் 18 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14, நூறு கிராம் மீன் அல்லது கோழியில் 20க்கு மேல், ஒரு டம்ளர் தயிரில் 6 என்று கூட்டிக்கொண்டு போனால் பவுடர் இல்லாமலே கிட்டத்தட்ட எட்டிவிடலாம். குறைந்தால் ஒரு ஸ்கூப் போடுங்கள், தப்பில்லை.

நண்பர் சொன்னது நடக்காத காரியம். தசை செல் வேறு, கொழுப்பு செல் வேறு, ஒன்று இன்னொன்றாக மாறாது. பயிற்சியை விட்டுவிட்டு, பயிற்சி நாட்களின் சாப்பாட்டை மட்டும் விடாமல் இருந்தால் தசை இளைக்கும், தொப்பை ஏறும். பார்ப்பவருக்கு மாறியது போலத் தோன்றும். இரண்டு வார லீவில் பலம் ஒன்றும் ஓடிப்போகாது, எனவே லிவர் டெஸ்டுக்காக நிறுத்தும் பத்து நாளை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

நீங்கள் ஜிம்முக்குப் போனதே சுகருக்காக, அதை மறந்துவிடாதீர்கள். வேலை செய்யும் தசை, இன்சுலினின் தயவு இல்லாமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை, இன்சுலினுக்கு அது நன்றாகச் செவிசாய்க்கும். அதனால் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடவேண்டாம். நடையும் வேண்டும். 1967இல் ஜான் ஹாலோசி என்ற ஆராய்ச்சியாளர் எலிகளை வாரக்கணக்கில் டிரெட்மில்லில் ஓடவிட்டார். அவற்றின் தசையில், எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறக்குறைய இரட்டிப்பானது. டம்பெல் மட்டும் தூக்கினால் இந்தப் பலன் அந்த அளவுக்குக் கிடைக்காது. வாரம் 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடங்கள். ஒழுங்காக மூன்று மாதம் செய்துவிட்டு எச்பிஏ1சி பாருங்கள்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். 1985இல் வந்த ஒரு ஆய்வில், பாடிபில்டர்கள் காலால் பெரிய எடையைத் தள்ளும் நேரத்தில் தமனிக்குள் அளந்த ரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை போனது. தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். பிபி இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே எடையைக் கூட்டுங்கள். அப்புறம், கடுமையான பயிற்சிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ தசை வீங்கி, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அது சாதாரண வலி இல்லை. தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கும் ஆபத்து. கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள்.