சாளை சாப்பிடலாமா?

அன்புள்ள அண்ணாச்சி,

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. ஒரு மீனின் வயிற்றைக் கீறி, உள்ளே இருந்து பிளாஸ்டிக் துணுக்குகளை இடுக்கியால் எடுத்துக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து என் மனைவி சாளையே வாங்கவிடுவதில்லை. அம்மாவோ ‘அதெல்லாம் ஒண்ணுஞ் செய்யாது’ என்கிறாள். இந்த மைக்ரோபிளாஸ்டிக் விஷயத்தில் எது உண்மை? கடலை விட்டு இவ்வளவு தள்ளி இருக்கிற நாம் இதில் செய்ய ஏதாவது இருக்கிறதா?

ஒரு பாளையங்கோட்டை வாசகன்

அன்புள்ள தம்பி,

முதலில் சாளை. வாங்குங்கள். மீன் விழுங்கும் துணுக்கு பெரும்பாலும் அதன் குடலில்தான் கிடக்கிறது, நாம் சாளையைச் செதில் எடுத்து, தலையைக் கிள்ளி, குடலை உருவி, நாலு தண்ணீர் விட்டுக் கழுவித்தான் சட்டியில் போடுகிறோம். அந்த அளவில் உங்கள் அம்மா சொல்வது சரி.

ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இதைப் பற்றி என்னிடம் பேசுகிறவர்கள் எல்லாரும் ‘என் தட்டுக்கு வருமா’ என்றுதான் கேட்கிறார்கள். அந்தச் சாளைக்கு என்ன ஆகிறது என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

சாளை இரையைப் பார்த்துக் கடிக்கிற மீன் இல்லை. வாயைத் திறந்தபடி நீந்தும். உள்ளே போகிற தண்ணீரை, செவுளில் சீப்புப் பல் மாதிரி இருக்கும் முள்வரிசை வடிகட்டி, மிதக்கும் நுண்ணுயிர்களை மட்டும் நிறுத்திக்கொள்ளும். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக்கைத்தான் மைக்ரோபிளாஸ்டிக் என்கிறார்கள். அதில் நுண்ணுயிர் அளவுக்கு இருப்பதெல்லாம் அந்தச் சீப்பில் தங்கிவிடும். இரை எது, பிளாஸ்டிக் எது என்று ஒவ்வொன்றாய்ப் பிரித்து ஒதுக்குவது அதற்கு எளிதில்லை.

சாளையின் சாப்பாடே பிளாஸ்டிக் தின்கிறது என்பதுதான் இன்னும் கொடுமை. கோப்பிபாட் என்று ஒன்று உண்டு, இறால் வகையறா, எள்ளை விடச் சின்னது. கடலில் மீன்குஞ்சுகள் பெரும்பாலும் அதைத் தின்றுதான் வளர்கின்றன. அதை ஆய்வுக்கூடத்தில் பிளாஸ்டிக் துகள் கலந்த நீரில் வளர்த்துப் பார்த்தார்கள். பாசி தின்பது குறைந்தது, இட்ட முட்டைகளில் பொரித்தவையும் குறைந்தன. வயிற்றில் இடம் நிறைந்துவிடுகிறது, உடம்பில் ஒன்றும் ஒட்டுவதில்லை. சிப்பியும் தப்பவில்லை. பிரான்சில் இரண்டு மாதம் பிளாஸ்டிக் துகளோடு வளர்ந்த சிப்பிகளின் முட்டை எண்ணிக்கை 38 சதவீதம் குறைந்ததாக 2016இல் ஆய்வு வந்தது. முத்துக் குளித்த கரைக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. செத்து ஒதுங்கிய திமிங்கிலத்தைப் படம் எடுக்கிறோம். பிறக்காமல் போன குஞ்சுகளை யார் படம் எடுப்பது?

நெத்திலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017இல் அமெரிக்காவில் நெத்திலி இனத்து மீன்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கடலில் ஊறிப் பாசி பிடித்த பிளாஸ்டிக்கின் வாடையை மட்டும் தொட்டியில் விட்டதும், இரை வந்துவிட்டது என்று மீன்கள் கூட்டமாய்த் திரண்டு தேட ஆரம்பித்தன. புது பிளாஸ்டிக்கின் வாடைக்கு அப்படித் தேடவில்லை. கடல்தான் பிளாஸ்டிக்குக்கு இரையின் வாடையைக் கொடுக்கிறது.

2025 மே 25இல் கொச்சிக்கு அப்பால் எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். மழைக்காலத்து நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும் என்பதால், கண்டெய்னர்களில் இருந்த பிளாஸ்டிக் குருணை சில நாளிலேயே குமரிக் கரை வரை வந்து ஒதுங்கியது. நான் போயிருந்தபோது ஒரு கை மணலை அள்ளி, வீட்டிலிருந்து கொண்டுபோன மாவு சல்லடையில் சலித்தேன். அசல் ஜவ்வரிசி. ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தால், மீன் முட்டை இல்லை என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

சரி, கப்பல் யாரோ விட்டது. நாம் விடுவதும் இருக்கிறது. கடலை விட்டுத் தள்ளி இருக்கிறோம் என்கிறீர்கள், தாமிரபரணி எங்கே போகிறது? பாபநாசத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றில் விடுகிறோம். தன்னார்வலர்கள் டன் கணக்கில் வாரி எடுத்தும் தீரவில்லை. என் அம்மா காரியத்தன்று அவளுடைய பாலியஸ்டர் சேலையை விட்டவன் நான். கொஞ்ச நாள் கழித்துப் போனபோது படித்துறைக்குக் கீழே ஒரு பாறையில் அதே மாதிரி சேலை ஒன்று சிக்கிக் கிடந்தது, அவளுடையதா என்று தெரியாது. முந்தானையை இரண்டு விரலால் தேய்த்தேன். தும்பு தும்பாய்க் கையோடு வந்தது. பாலியஸ்டரும் பிளாஸ்டிக்தான், தம்பி. மட்காது, இப்படி நூல் நூலாய்ப் பிரிந்துகொண்டேதான் இருக்கும். அப்புறம் வெள்ளம் வந்தால் போதும், 2023 டிசம்பரில் வந்த மாதிரி, ஆற்றடியில் வருஷக்கணக்காய்ப் படிந்தது ஸ்ரீவைகுண்டம் தாண்டிப் புன்னைக்காயலில் கடலுக்குள் போய்விடும். அங்கே இருப்பது மன்னார் வளைகுடா, தீவுகளும் பவளப் பாறைகளும் இருக்கிற இடம்.

முன்னோருக்குத் துணியை விட வேண்டும் என்று நினைத்த காலத்தில் நெய்தது பருத்தி. அது மட்கி ஆற்றோடு போயிற்று. இன்றைக்கு நாம் விடுவது அது இல்லை. நீங்களோ வீட்டில் யாரோ அடுத்த அமாவாசைக்குப் பாபநாசம் போனால், முழுகி எழுந்து, ஈரத்துணியைப் பிழிந்து பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். அம்மாவுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அவர் கேட்டுக்கொண்டால் தெருவில் நாலு வீட்டில் பெண்களிடம் சொல்லிவிடுவார், நான் எழுதி அது நடக்காது.

அன்புடன்,
அண்ணாச்சி