செயலிக்கு ‘உலக பேட்டன்ட்’ கிடைக்குமா?

கேள்வி: விநியோக வண்டிகள் எந்த முகவரிக்கு எந்த வரிசையில் போவது என்று கணக்கிடும் செயலி ஒன்றை எழுதியிருக்கிறேன். யோசனையை யாரும் காப்பியடிக்க முடியாதபடி உலக பேட்டன்ட் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு முகவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உலக பேட்டன்ட் என்று ஒன்று கிடையாது. அவர் சொல்வது பெரும்பாலும் பிசிடி எனப்படும் சர்வதேச விண்ணப்பமாக இருக்கும். அது துண்டு போட்டு இடம் பிடிப்பதுதான். முதல் விண்ணப்பத்திலிருந்து வழக்கமாக 30 மாதங்களுக்குள், எந்தெந்த நாட்டில் உரிமை வேண்டுமோ அங்கெல்லாம் தனியாகக் கட்டணம் கட்டி, தனியாக வாதாட வேண்டும். விண்ணப்ப எண்ணைக் காட்டி ‘பேட்டன்ட் ஆயிடுச்சு’ என்பவர்களை நம்பாதீர்கள். விண்ணப்பம் போட்ட எல்லோருக்கும் எண் கிடைக்கும்.

சரி, உங்கள் செயலிக்கு வருவோம். இரு தரப்புக்கு நடுவே நின்று பணக் கணக்கைத் தீர்த்துவைக்கும் பழைய வழக்கத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் மட்டும் பேட்டன்ட் கிடையாது என்று 2014-இல் ஆலிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவு அல்காரிதத்தையும் (கணக்கிடும் படிமுறை) வணிக முறையையும் வெளியே நிறுத்துகிறது. வண்டி வரிசையைக் கணக்குப் போட்டு ஓட்டுநரின் போனில் காட்டுவதோடு உங்கள் செயலி நின்றுவிட்டால், அதுவும் அங்கேதான் மாட்டும்.

ஒரு விலக்கு இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். 1981-இல் அதே அமெரிக்க நீதிமன்றத்துக்கு வந்த டீர் வழக்கு. ரப்பரை அச்சில் வைத்துச் சூடாக்கும்போது எப்போது அச்சைத் திறப்பது என்பதுதான் சிக்கல். அச்சுக்குள் இருக்கும் வெப்பத்தை ஓயாமல் அளந்து, மீதி நேரத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, நேரம் வந்ததும் அச்சைத் தானாகத் திறக்க வைத்தார்கள். கணக்குச் சூத்திரம் பழையது. அதற்கு யாரும் உரிமை கேட்கவில்லை. கேட்டது ரப்பர் தயாரிக்கும் முறைக்கு. அது பேட்டன்டுக்குத் தகுதியானதுதான் என்றது நீதிமன்றம். உங்கள் செயலியிலும், சிக்னல் மோசமான இடத்தில் மிகக் குறைந்த தரவை வைத்தே வரைபடத்தைப் புதுப்பிக்கும் உத்தி ஏதாவது இருந்தால், அந்தப் பகுதியை மட்டும் எடுத்துப் பேசலாம்.

கோடு சரியாக எங்கே என்று கேட்பீர்கள். பேட்டன்ட் தரக் கூடாத ‘அருவமான யோசனை’ எதுவரை என்று துல்லியமாக வரையறுக்க இந்த வழக்கில் தேவையில்லை என்று ஆலிஸ் தீர்ப்பே எழுதிவைத்திருக்கிறது! 2005-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் கம்ப்யூட்டர் சார்ந்த கண்டுபிடிப்புகளுக்குப் பேட்டன்ட் தருவது பற்றிய சட்ட வரைவை 648-க்கு 14 என்று தள்ளுபடி செய்தது. குழப்பம் அப்படியே இருக்கிறது, வழக்குச் செலவு மட்டும் உங்களைப் போன்றவர்கள் தலையில்.

இந்தக் குழப்பத்தில்தான் முகவர்கள் பிழைக்கிறார்கள். எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் எழுதும் உரிமைக்கோரலில் நிபந்தனைமேல் நிபந்தனை சேர்த்து எப்படியாவது சான்றிதழ் வாங்கித் தருவார்கள். போட்டியாளர் அதில் ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றிவிட்டுத் தாண்டிப் போய்விடுவார்.

நீங்கள் எழுதிய நிரல்வரிகளுக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டு. யோசனைக்கு அது காவல் இல்லை, வரிகளை அப்படியே எடுப்பவருக்கு எதிராகத்தான் உதவும். பேட்டன்ட் கேட்கும் எண்ணம் இருந்தால் விண்ணப்பத்துக்கு முன் செயலியை வெளியிடாதீர்கள். பல நாடுகளில் அதோடு கதை முடிந்தது. அப்புறம் அந்த முகவரிடம், என் செயலியில் தொழில்நுட்பமாக எது மேம்படுகிறது என்று ஒரே வரியில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தந்தால் மேற்கொண்டு பேசலாம்.