ஒன்றியத்துக்கு வெளியே, எல்லைக்கு அருகே: சுவிஸ் வர்த்தகம் பற்றிய கேள்வி பதில்

சுவிசின் எல்லை நகரான பாசலில் சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் சுங்கப் பத்திரங்கள் தயாரிப்பது என் வேலை. சுவிசும் அதன் அண்டை நாடுகளும் செய்யும் வியாபாரம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): சார், சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையே. அங்கிருந்து ஜேர்மனிக்கு இயந்திரம் அனுப்பினால் சுங்கவரி கட்ட வேண்டுமா?

பதில்: வரி இல்லை, பத்திரம் உண்டு. 1972ல் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் தொழிற்சாலைப் பொருட்களுக்கான வரியை நீக்கியது. ஆனால் பொருள் சுவிசில் உருவானதாக இருக்க வேண்டும். உங்கள் ஊர் பம்பை இறக்கி, பெயர்ப்பட்டியை மட்டும் மாற்றி ஜேர்மனிக்கு அனுப்பினால் இந்தச் சலுகை கிடைக்காது. எங்கே உருவானது என்பதை நிரூபிக்கும் தாள்களிலேயே என் பாதி நாள் போய்விடும்.

கேள்வி (தூண் நகர்): அண்ணா, ஒன்றியத்தில் சேராமலே இவ்வளவு சலுகை எப்படிக் கிடைத்தது?

பதில்: 1992 டிசம்பர் 6ல் நடந்த சுவிஸ் மக்கள் வாக்கெடுப்பில், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் (ஒன்றியத்தில் சேராத நாடுகளும் அதன் பொதுச் சந்தையில் பங்கெடுக்கும் ஏற்பாடு) சேர்வதா என்று கேட்டதற்கு 50.3 வீதமானோர் வேண்டாம் என்றார்கள். அதன் பிறகு ஒன்றியத்துடன் ஒவ்வொரு விடயமாகப் பேச வேண்டி வந்தது. 1999ல் ஏழு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி, 2002 ஜூனில் நடைமுறைக்கு வந்தன. ஏழும் ஒரே கயிற்றில் கட்டியவை. ஒன்றை முறித்தால் மற்ற ஆறும் போய்விடும். ஒன்றிய நாட்டவர் இங்கே சுதந்திரமாக வந்து வேலை செய்வதை நிறுத்தக் கேட்ட 2020 வாக்கெடுப்பு தோற்றதற்கு அந்தக் கயிறும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்வி (சூரிச்): மருத்துவ உபகரணம் செய்யும் பட்டறையில் வேலை செய்கிறேன். 2021ல் திடீரென்று முதலாளி ஜேர்மனியில் ஆள் தேடினார். ஏன்?

பதில்: 2021 மே 26ஆம் திகதி காரணம். அன்று ஒன்றியத்தின் புதிய மருத்துவ உபகரண விதிகள் அமலுக்கு வந்தன. அதே நாளில் சுவிஸ் மத்திய அரசு, ஒன்றியத்துடனான சட்டக ஒப்பந்தப் (இருதரப்பு ஒப்பந்தங்களுக்கெல்லாம் பொதுவான விதிகளை வகுக்கும் ஒப்பந்தம்) பேச்சைக் கைவிட்டது. ஒருவர் கொடுக்கும் தரச்சான்றை மற்றவர் ஏற்கும் ஏற்பாடு உங்கள் துறையில் புதுப்பிக்கப்படவில்லை. விடிந்தபோது உங்கள் துறையில் சுவிஸ் வெறும் மூன்றாம் நாடு, அதாவது சலுகை ஏதுமில்லாத வெளிநாடு. செயற்கை இடுப்பு மூட்டு செய்பவர்கூட ஒன்றியத்துக்குள் ஒரு சட்டப் பிரதிநிதியை அமர்த்தி, அவர் பெயரைப் பெட்டியில் அச்சிட வேண்டியதாயிற்று. பெரிய கம்பனிகளுக்கு அங்கே கிளை இருக்கும். இருபது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அது பெரும் சுமை. சுங்கவரி ஒரு சதம்கூடக் கூடவில்லை, மூட்டும் அதே மூட்டுத்தான். விதி எழுதும் மேசையில் நமக்கு இடமில்லை என்பதன் விலை இது; எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கேள்வி (வின்டர்தூர்): அண்ணா, சனிக்கிழமைகளில் எல்லைக்கு அப்பால் ஜேர்மனியின் கொன்ஸ்டான்ஸ் போய்ச் சாமான் வாங்குகிறோம். எவ்வளவு வரை வரியில்லாமல் கொண்டுவரலாம்?

பதில்: 2025 ஜனவரி 1 முதல் ஆளுக்கு, நாளுக்கு 150 பிராங், முன்பு 300. தாண்டினால் கூடுதல் தொகைக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் சுவிஸ் பெறுமதி சேர் வரி. இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோ, மீனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

கேள்வி (சென்னை): சுவிஸ் கம்பனிகள் பக்கத்து நாடுகளில் முதலீடு செய்கின்றனவா?

பதில்: நிறையவே. பாசலின் ரோஷ் மருந்து நிறுவனம் ரைன் ஆற்றுக்கு அப்பால் ஜேர்மனியின் கிரென்சாக்கிலும் இருக்கிறது. அதே நாட்டின் மன்ஹைம், பென்ஸ்பெர்க்கிலும் அதற்குப் பெரிய ஆலைகள். ரயில் செய்யும் ஸ்டாட்லருக்கு பெர்லினில் தொழிற்சாலை. ஒன்றியத்துக்குள் ஒரு கால் வைத்திருப்பது பெரிய கம்பனிகளுக்குப் பாதுகாப்பு.

கேள்வி (ஆராவ்): ஒன்றியத்துக்கு வெளியே இருப்பது மின்சாரத்திலும் சிக்கலா?

பதில்: ஆம். 1958ல் சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ் மின்வலைகளை முதன்முதலில் இணைத்த இடமே உங்கள் மாநிலத்து லாவுஃபென்பூர்க்தான். இன்று எல்லை தாண்டும் கம்பித்தடங்கள் நாற்பதுக்கு மேல். இருந்தும் மின்சார ஒப்பந்தம் இல்லாததால் ஒன்றியத்தின் இணைந்த மின்சந்தைக்கு வெளியே நிற்கிறோம். 2024 டிசம்பரில் பேசி முடித்த புதிய ஒப்பந்தத் தொகுப்பில் மின்சாரமும் இருக்கிறது.