முப்பது குச்சி, முப்பது துளை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எந்திரப் பட்டறையில் 14 வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது மேல்நிலைப் பள்ளியில் தொழில்நுட்பப் பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் அழகழகாகச் செய்கிறார்கள். ஆனால் பட்டறையில் நான் கற்றது எதுவும் வகுப்பில் இல்லை. ஒருமுறை தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனேன். ரோபோவைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். கணினி சொல்கிற அளவில் தானே வெட்டிக் கடையும் சிஎன்சி எந்திரம் ஒன்றைப் பள்ளி நிர்வாகம் வாங்கித் தரத் தயாராக இருக்கிறது. வாங்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

ரோபோவைப் படமெடுத்த பிள்ளைகளைக் குறைசொல்ல மாட்டேன். வரிசையில் நடந்து பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு எந்தத் தொழிற்சாலையும் வேடிக்கைதான். நீங்கள் அங்கே 14 வருடம் நின்றவர். நீங்கள் கடைந்த பீஸ் இன்னொருவர் கைக்குப் போனது. அங்கே பொருந்தியது, இல்லையென்றால் திரும்பி வந்தது. வகுப்பில் விட்டுப்போவது இதுதான் என்று நினைக்கிறேன். பள்ளியில் ஒருவன் ஒரே ஒரு விளக்குத் தாங்கி செய்கிறான். துளை சிறிதாகிவிட்டதா, குச்சியைக் கொஞ்சம் ராவிச் செருகிவிடுகிறான், மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறான். பட்டறையில் அந்தக் குச்சி வேறு ஆள் செய்தது. அதில் அரம் வைக்க உங்களுக்கு உரிமையே கிடையாது.

பள்ளியில் கைவேலையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது பழைய வழக்கு. 1868-இல் மாஸ்கோ இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் டெல்லா-வோஸ் வேலையைச் சின்னச்சின்னப் பயிற்சிகளாகப் பிரித்தார். பிள்ளைகள் இணைப்புகளைச் செய்து பழகினார்கள், அவற்றால் ஒரு பொருளும் உருவாக வேண்டியதில்லை. 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் இதைப் பார்த்த அமெரிக்கர்கள் தங்கள் பள்ளிகளுக்கு எடுத்துப்போனார்கள். ஸ்வீடனில் ஓட்டோ சாலமன் இதற்கு எதிர்ப்பக்கம்; பிள்ளை செய்வது வீட்டில் புழங்கும் பொருளாக இருக்க வேண்டும் என்றார். என் மனம் சாலமன் பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் இரண்டு முறையிலும் பிள்ளை தானே தொடங்கித் தானே முடிக்கிறது. அடுத்தவர் பீஸ் குறுக்கே வருவதில்லை.

சரி, செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். வகுப்பை இரண்டாகப் பிரித்து இரண்டு அறையில் உட்காரவையுங்கள். ஒரு குழு முப்பது குச்சி, இன்னொரு குழு முப்பது துளை. முதல் தடவை டிராயிங்கில் இரண்டுக்கும் வெறுமனே 20 மி.மீ. என்று மட்டும் போடுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே மேசையில் கொட்டி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துச் செருகச் சொல்லுங்கள். ஒன்று இறுகும், ஒன்று லொடலொடக்கும், பல நுழையவே நுழையாது. சண்டை வரும், வரட்டும். ‘எங்களுடையது சரியாக 20 இருக்கிறது’ என்று இரண்டு தரப்பும் வெர்னியர் அளவுகோலோடு வந்து நிற்கும்போதுதான் டாலரன்ஸ் என்ற சொல்லை, அதாவது அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம் என்ற வரம்பை, எடுக்க வேண்டும். இரண்டாம் தடவை துளைக்கு 20.00 முதல் 20.10 வரை, குச்சிக்கு 19.85 முதல் 19.95 வரை. ஒரு தகட்டில் 19.95-க்கு ஒரு வெட்டு, 19.85-க்கு ஒரு வெட்டு போட்டுக் கொடுத்துவிடுங்கள். முதலாவதில் நுழைந்து இரண்டாவதில் நுழையாமல் நின்றால் குச்சி தேறியது. அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைக்கு நண்பர்கள் குறைவார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். தர ஆய்வாளர் வேலை அப்படித்தான்.

உங்கள் தோல்விகளையும் கொண்டுபோங்கள். எழுத வருவதற்கு முன் நானும் கொஞ்ச நாள் லேத்தில் நின்றவன். 50 மி.மீ. விட்டத்தில் அலுமினிய பின்கள். எந்திரத்திலிருந்து எடுத்த சூட்டோடு மைக்ரோமீட்டர் வைத்தேன், அளவு கச்சிதம். மறுநாள் காலை ஆய்வு மேசையில் ஒரு பெட்டி முழுக்கச் சிவப்புக் குறி. 35 டிகிரி ஆறினால் அந்த அளவு அலுமினியம் ஏறக்குறைய 0.04 மி.மீ. சுருங்கும், எனக்குக் கொடுத்திருந்த டாலரன்ஸே அதில் பாதிதான். சிறுத்துப்போன பின்னை மறுபடி பெருக்க வழியில்லை, அத்தனையும் ஸ்கிராப். வெப்ப விரிவுச் சூத்திரத்தைப் பள்ளியில் ஒப்பித்து நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான்! அளவு சொல்வதென்றால் 20 டிகிரி வெப்பத்தில் என்று உலகமே ஒப்புக்கொண்டிருப்பது எதற்காக என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சிஎன்சி இந்த வருடம் வேண்டாம். நல்ல வெர்னியர்களும் இரண்டு மைக்ரோமீட்டர்களும் வாங்குங்கள். கையால் செய்த முப்பதும் முப்பது விதமாக வந்ததைப் பார்த்த பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் அந்த எந்திரம் வேறு மாதிரித் தெரியும்.

முதல் சுற்றில் முப்பதில் எத்தனை பொருந்தின என்று எனக்கு எழுதுங்கள். பத்தைத் தாண்டாது என்பது என் கணக்கு.