பெரியப்பாவுக்கு மனநோய், தாத்தாவுக்குக் குடி: மகனுக்கு என்ன வரும்?

கேள்வி: எங்கள் வீடு குலசேகரம் பக்கம். என் கணவரின் அண்ணனுக்கு 22 வயதிலிருந்து மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா). மாத்திரை சாப்பிடுகிறார், ரப்பர் பால்வெட்டுக்கும் போகிறார். சில வருடங்களாகக் குடியும் சேர்ந்துவிட்டது. மாமனார் குடித்து ஈரல் கெட்டு இறந்தவர். என் கணவருக்கு இரண்டும் இல்லை. மகனுக்கு 19 வயது, நாகர்கோவிலில் படிக்கிறான். சென்ற மாதம் கூட்டாளிகளோடு குடித்துவிட்டு வந்தான். இரண்டும் ஒரே ரத்தத்தில் வருகிற நோயா? மரபணுப் பரிசோதனை எடுக்கலாமா? கணவரின் அண்ணனுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்க ஒரு மருந்து வாங்கி வைத்திருக்கிறோம். கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மருந்தைக் கொடுக்காதீர்கள். இப்படிக் கலந்து கொடுக்கப்படுவது பெரும்பாலும் டைசல்பிராம் என்ற, குடியை நிறுத்தத் தரும் மருந்து. உடலில் இது இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும்; உயிர் போனதும் உண்டு. அதனால் நோயாளிக்கு விளக்கி, அவர் சம்மதத்தோடு மட்டுமே தர வேண்டிய மருந்து இது. மனச்சிதைவு உள்ளவருக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைக் கூட்டி, அடங்கியிருந்த, இல்லாத ஆட்கள் பேசுவதுபோல் காதில் கேட்கும் குரல்களையும் சந்தேகங்களையும் இது கிளப்பிவிடலாம். தவிர, சோற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே சந்தேகப்படுகிற நோய் அது. அந்தச் சந்தேகத்தை நீங்களே உண்மையாக்கிவிடலாமா?

இனி ரத்த விஷயம். இரண்டு நோய்க்கும் மரபணுவில் ஒரு பகுதி பொதுவாக இருப்பது உண்மைதான். குடிக்கு அடிமையானவர்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு, மனச்சிதைவோடு இருக்கும் இந்த ஒற்றுமையைத் தெளிவாகக் காட்டியது. அதே ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது. ஒருவர் எவ்வளவு குடிக்கிறார் என்பதன் மரபணுக் கணக்கு வேறு, குடியை விட முடியாமல் போவதன் கணக்கு வேறு. மனநோய்களோடு உறவுடையது இரண்டாவதுதான். கல்யாண வீட்டில் இரண்டு கிளாஸ் குடிப்பவரையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பொதுவான பகுதி என்றால் ‘குடி மரபணு’, ‘பைத்திய மரபணு’ என்று ஏதோ ஒன்று இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். மனச்சிதைவோடு தொடர்புள்ள 287 மரபணு இடங்களை 2022இல் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பங்கும் துளியளவு. அவற்றில் பல நம் எல்லோரிடமும் உண்டு. ஆகவே பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். இந்த நோய் வருமா வராதா என்று ஒரு தனிமனிதரைப் பார்த்துச் சொல்லும் சோதனை இன்றைக்கு இல்லை. மேலும், இந்த ஆய்வுகளில் ரத்தம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துப் போட்ட கணக்கைக் குமரி மாவட்டத்துப் பையனுக்குப் பொருத்தினால் இன்னும் தப்பாகத்தான் வரும்.

குடும்பக் கணக்கைப் பார்த்தால் நீங்கள் பயப்படும் அளவுக்கு நிலைமை இல்லை. பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு வரலாம். தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் அது பத்துப் பேர் அளவுக்குப் போகும். பெரியப்பாவுக்கு இருந்தால் நூற்றில் மூன்று, நான்கு. ஒரே மரபணுவோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தாலும், மற்றவர் பாதிக்குப் பாதி தப்பித்துவிடுகிறார். நாளைக்கு மகனுக்குப் பெண் பார்க்கும்போது யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் இந்தக் கணக்கையே சொல்லுங்கள்.

மகனைப் பொறுத்தவரை, இப்போதைக்கு நான் அதிகம் கவலைப்படுவது தாத்தா வழிக் குடியைப் பற்றித்தான். “எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு எவ்வளவு குடித்தாலும் ஏறாது” என்று பெருமை பேசுகிற வீடுகள் உண்டு. உண்மையில் அது கெட்ட அறிகுறி. அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஷூகிட், குடிநோயாளிகளின் மகன்களை இளம்வயதில் சோதித்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அளவோடு குடித்தபோது போதை குறைவாக ஏறியவர்கள்தாம் பின்னாளில் அதிகம் அடிமையானார்கள். அடிக்கிற எச்சரிக்கை மணி அவர்களுக்குக் கேட்பதில்லை. இதை மகனிடம் அவன் தெளிவாக இருக்கும்போது அப்பா சொல்லட்டும். குடித்துவிட்டு வந்த இரவில் வேண்டாம். கஞ்சாவைப் பற்றியும் சேர்த்துச் சொல்லட்டும். இப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்குச் சாராயத்தைவிட அது நேரடியாக மனச்சிதைவை இழுத்துவரக்கூடியது. கூட்டாளிகளை ஒதுக்குவது, குளிக்காமல் கிடப்பது, இரவெல்லாம் விழித்திருப்பது, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்வது ஆகியவை சில வாரங்கள் நீடித்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒருநாள் குடித்துவிட்டு வந்ததற்காக அவனை நோயாளியாகப் பார்க்க வேண்டியதில்லை.

கணவரின் அண்ணன் ஏன் குடிக்கிறார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். இருட்டோடு வெட்டுக்கு எழ வேண்டும், இரவு மாத்திரை போட்டால் விடியற்காலையில் தலை தூக்க முடியாது, அதனால் மாத்திரையை விடுகிறார், விட்டதும் குரல்கள் வருகின்றன, தூக்கம் போகிறது, அதற்குக் குடி. இந்தப் பக்கத்து நோயாளிகளிடம் நான் அடிக்கடி கேட்கும் கதை இது. குடித்த அன்றைக்கு மாத்திரை போடக் கூடாது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, தினமும் குடித்து, மாதக்கணக்கில் மாத்திரையை விட்டவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குத் தினசரி மாத்திரைக்குப் பதிலாக இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது; அதைக் கேளுங்கள். குடி ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன் இருக்கிறது. ஈரலைச் சோதித்துவிட்டுத் தருவார்கள். “முதலில் குடியை விடட்டும், பிறகு மனநோயைப் பார்க்கலாம்” என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். இரண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம்.

தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் கை நடுங்கி, வியர்த்து, ஆளும் இடமும் தெரியாமல், இல்லாத பூச்சியைப் பிடிக்க ஆரம்பித்தால் அது மனச்சிதைவு முற்றியது அல்ல, பேயும் அல்ல. குடி நின்றதால் வரும் உயிராபத்து. அந்த நேரத்தில் ஜெபக்கூட்டத்துக்கோ மந்திரவாதியிடமோ போகாமல் 108ஐ அழையுங்கள்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும், நீங்கள் வாங்கி வைத்த அந்த மருந்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குரல் முதலில் வந்ததா, குடி முதலில் வந்ததா, குடிக்காமல் ஒரு மாதம் இருந்த காலத்தில் குரல் கேட்டதா என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கட்டாயம் கேட்பார். அதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி சேவையான டெலி மனஸ் எண் 14416, கட்டணம் கிடையாது. புறநோயாளிப் பிரிவு காலையில்தான் என்பதால், வெட்டு இல்லாத மழைநாளாகப் பார்த்துக் கிளம்பினால் அவருக்கு ஒருநாள் கூலி போகாது.